காளிகாட்டில் கம்பளி பிழிந்த வாரம்

கல்கத்தாவிலிருந்து ஊருக்குத் திரும்பி நாலு நாளாகியும் இடுப்பு வலி போகவில்லை. நோட்டில் கிறுக்கி வைத்ததைத்தான் நாள்வாரியாகப் போடுகிறேன். டிக்கெட், பெர்த் கதைகள் வேண்டாம். ஒன்றே ஒன்றைத் தவிர.

ஜனவரி 12, 2025, ஞாயிறு

ஹவுராவில் இறங்கி, அந்தப் பாலத்தை அண்ணாந்து பார்த்தபடி ஆற்றைக் கடக்கப் போகிறோம் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ரயில் நின்ற இடம் ஷாலிமார். டிக்கெட்டில் தெளிவாக ஷாலிமார் என்றுதான் அச்சிட்டிருந்தது. ஹவுராவுக்கு அது இன்னொரு பெயர் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். 36 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இது தேவைதான். மூடுபனியால் நாலரை மணி நேரம் தாமதம் வேறு.

டாக்ஸிக்காரர் 800 கேட்டார். மச்சினன் இந்தியில் பேசி 450க்கு முடித்தான். வண்டி போனது வித்யாசாகர் சேது வழியாக. 1992இல் திறந்தது. கம்பி கம்பியாகத் தொங்கும் பாலம், அழகுதான். ஆனால் நான் பார்க்க வந்த பாலம் அதுவல்ல. தூரத்தில் பனிக்குள் பழைய ஹவுரா பாலத்தின் முதுகு மட்டும் தெரிந்தது.

கூட வந்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. வயது 46. குடியை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. உள்ளதைச் சொன்னால் அவன் என்கூட வரவில்லை, நான்தான் அவன்கூடப் போனேன். சபை வாலிபர்களோடு சேர்ந்து ஞாயிறு இரவுகளில் திருநெல்வேலி ஜங்ஷனில் படுத்திருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறவன் அவன். முடிவெட்டி, முகம் மழித்தும் விடுவான். இதே வேலையை தினமும் செய்கிற இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அன்னை தெரசாவின் சிஸ்டர்களிடம் ஒரு வாரம் வேலை செய்யக் கிளம்பினான். "நீங்களும் போங்க, அவனைத் தனியா விட வேண்டாம்" என்றாள் என் மனைவி. ஒன்பது வருடமாக எங்கள் வீட்டில் அவனை யாரும் தனியாக விட்டதில்லை.

சடர் தெருவில் அறை, நாளுக்கு 1,600 ரூபாய். வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை, அதுவும் வாளிக் கணக்கில். குளிர் நம் ஊர்க்காரனுக்கு அதிகம். நடந்து போகிற ஆண்களில் பாதிப் பேர் குரங்குக் குல்லா போட்டிருந்தார்கள். சிரித்துவிட்டு அடுத்த தெருவில் நானும் ஒன்று வாங்கினேன், 150 ரூபாய்.

இரவு ஒன்பது மணிக்கு மச்சினன் ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனான். தினமும் நடப்பதுதான். பாளையங்கோட்டையில் அவனுக்கு ஒரு ஸ்பான்சர் இருக்கிறார். ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிநோயாளிகள் குழுவில் அவனுக்குத் துணை நிற்கிற மூத்தவர், 22 வருடமாகக் குடிக்காதவர். "அண்ணாச்சி, இன்னைக்குக் குடிக்கல" என்பான். அந்தப் பக்கம் அவரும் அதையே சொல்வார். அதன்பிறகு இரண்டு பேரும் கிரிக்கெட் பேசுவார்கள்.

அவன் முடித்ததும் என் ஃபோன் அடித்தது. "தம்பி எப்படி இருக்கான்?" என்றாள் என் மனைவி. அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான்.

ஜனவரி 13, திங்கள்

ரிப்பன் தெருவைப் பிடித்து நடந்தால் இருபது நிமிடத்தில் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலை. அதில் 54ஏ எண் கட்டடம்தான் மதர் ஹவுஸ், சிஸ்டர்களின் தலைமை மடம். வழியில் நாலு கச்சோரி, உருளைக்கிழங்குக் கறியோடு 40 ரூபாய். வங்காளிகள் அதை 'கொச்சூரி' என்கிறார்கள். மண் குவளையில் டீ 10 ரூபாய். குடித்துவிட்டு குவளையைத் தொட்டியில் வீசி உடைக்க வேண்டுமாம். எனக்கு மனசு வரவில்லை, பைக்குள் வைத்துக்கொண்டேன். டீக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு இன்னொரு புதுக் குவளையைக் காசில்லாமல் எடுத்து நீட்டினார்.

மதர் ஹவுஸில் முதலில் அன்னையின் கல்லறை. வெள்ளைப் பளிங்கு, மேலே யோவான் 15:12. அன்றைக்குச் சாமந்தி இதழ்களால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார் ஒரு இளம் சிஸ்டர். எழுத்து கோணுவதும் கலைப்பதுமாக மூன்று முறை. மாடிப்படி ஏறினால் அன்னை இருந்த அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, அவ்வளவுதான். கீழே சமையலறை, அதன் சூடு முழுக்க மேலே வரும். அந்த அறைக்கு மின்விசிறி வேண்டாம் என்று இருந்திருக்கிறார். ஜனவரியில் பார்க்கும்போது பெரிதாகத் தெரியாது, மே மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்கோப்யேவில் 1910இல் பிறந்து, 1929இல் இந்தியாவுக்கு வந்து, லொரேட்டோ மடத்துப் பள்ளியில் வருடக்கணக்கில் பாடம் நடத்திய டீச்சர் அவர். 1946இல் டார்ஜிலிங் போகும் ரயிலில்தான் இந்த அழைப்பு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். வாத்தியார் என்ற முறையில் எனக்கு அந்த இடம் உறுத்தியது. நான் ரிட்டயர்டான பிறகுதான் ஒரு வாரம் வந்திருக்கிறேன்.

மதியம் மூன்று மணிக்கு அதே சாலையில் உள்ள சிசு பவன் என்ற குழந்தைகள் இல்லத்தில் தொண்டர் பதிவு. ஆதாரைப் பார்த்த சிஸ்டர் மலையாளி. "தமிழா? ஊணு கழிஞ்ஞோ?" என்று, சாப்பாடு ஆச்சா என்பதிலிருந்து ஆரம்பித்தார். என்ன வேலை தெரியும் என்று கேட்டார். நான் 36 வருட அனுபவத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "துணி துவைக்கத் தெரியுமா?" என்றார். மச்சினன் சுருக்கமாக, "ஷேவ் பண்ணுவேன் சிஸ்டர்" என்றான். அவனைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

காளிகாட், நிர்மல் ஹிருதய் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஆளுக்கொரு சின்ன மாதா பதக்கமும் கிடைத்தது. நாங்கள் சி.எஸ்.ஐ. சபை, புராட்டஸ்டண்ட். எங்கள் சபைப் போதகர் ஐயருக்குத் தெரிந்தால் ஒரு பிரசங்கம் நிச்சயம். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அங்கே மகர சங்கராந்தி.

காலை ஆறு மணிப் பூசைக்குப் போனோம். நற்கருணை கத்தோலிக்கர்களுக்கு மட்டும் என்பதால் பின்னாலேயே உட்கார்ந்திருந்தோம். ஏழு மணிக்கு தொண்டர்களுக்கு ரொட்டி, வாழைப்பழம், டீ. கொரியாவிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள், ஜப்பானியர்கள், இத்தாலியர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஸ்பெயினிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் பன்னிரண்டாவது குளிர்காலமாக வந்திருந்தார். தமிழ்நாட்டுக்காரர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

பஸ்ஸில் போனோம். கண்டக்டர் விரல்களுக்கு நடுவே ரூபாய் நோட்டுகளை விசிறி மாதிரி மடித்து வைத்திருந்தார். பெண்கள் இறங்கும்போதெல்லாம் பஸ்ஸின் தகரத்தைத் தட்டி "ஆஸ்தே, லேடீஸ்!" என்று, மெதுவாகப் போகச் சொல்லி டிரைவருக்குக் குரல் கொடுத்தார். நான் இறங்கும்போதும் அதே கூவல். குல்லாவைப் பார்த்து ஏமாந்தாரா, என் நடையைப் பார்த்தா என்று தெரியவில்லை.

நிர்மல் ஹிருதய் காளி கோயிலை ஒட்டியே இருக்கிறது. யாத்திரிகர்கள் தங்கும் சத்திரமாக இருந்த கட்டடம் இது. தெருவில் சாகக் கிடப்பவர்களை வைத்துப் பார்க்க ஓர் இடம் கேட்டபோது மாநகராட்சி இதைக் கொடுத்தது. 1952 ஆகஸ்ட் 22 அன்று தொடங்கியிருக்கிறார்கள். கோயில் மணியும் கூட்டத்தின் இரைச்சலும் உள்ளே கேட்டபடியே இருக்கும். சங்கராந்தி என்பதால் அன்றைக்கு வெளியே அப்படி ஒரு நெரிசல். வாசலில் செம்பருத்தி மாலை விற்கிற பெண், நாங்கள் உள்ளே போக வேண்டியவர்கள் என்று தெரிந்ததும் தன் கூடையை நகர்த்தி வழிவிட்டாள்.

உள்ளே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தாழ்வான கட்டில்கள், எண் போட்டவை. ஃபோட்டோ எடுக்கக் கூடாது. எடுக்கிற மாதிரியும் இல்லை. எல்லோருக்கும் தலை மழித்திருப்பதால் முதல் அரை மணி நேரம் யார் யாரென்று பிடிபடவில்லை. அப்புறம்தான் முகங்கள் தெரிய ஆரம்பித்தன.

எனக்குத் துவைப்பது. பெரிய தொட்டிகள் வரிசையாக இருக்கும். முதல் தொட்டியில் கிருமிநாசினி, அடுத்ததில் சோப்பு, பிறகு அலசல். இரவில் நனைத்துவிட்ட கம்பளிகள்தான் அதிகம். தண்ணீர் பட்ட கம்பளி ஒரு ஆள் கனம். ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை ஒரு கொரியப் பையன் பிடித்தான். எதிரெதிராக முறுக்க வேண்டும். அவன் முறுக்கின வேகத்தில் இரண்டு முறை நானே சுற்றிவிட்டேன். ஈரத்தோடு அதைத் தோளில் போட்டு மொட்டை மாடிக்கு ஏற்றிக் காயப்போட வேண்டும். நான் எண்ணிய வரை அன்றைக்கு 31 கம்பளி.

கம்பளிக்கு வங்காளியில் 'கொம்போல்'. தண்ணீர் 'ஜொல்'. இரண்டும் எனக்கு ஒட்டிக்கொண்டன. மூன்றாவது வார்த்தை தேவைப்படவில்லை.

மாடிக் கொடியில் சிஸ்டர்களின் நீலக்கரைச் சேலைகளும் காய்ந்தன. ஹூக்ளிக் கரையில் டிட்டாகர் என்ற ஊரில், தொழுநோய்க்காரர்களுக்காக நடக்கும் இல்லத்தில் நெய்கிற சேலைகள் அவை. நெய்கிறவர்களும் அந்த நோயிலிருந்து மீண்டவர்கள்தான். இதைச் சொன்ன சிஸ்டர், பேச்சோடு பேச்சாக நான் தப்பாகப் போட்ட கம்பளியைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போனார்.

மச்சினனுக்கு முகம் மழிக்கும் வேலை. பன்னிரண்டு மணிக்கு நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தபோது அவன் ஒரு கிழவரின் தாடையைத் தூக்கி, வாய் ஓரத்தில் கத்தியைக் கவனமாக இறக்கிக்கொண்டிருந்தான். கிழவர் கண்ணை மூடி ஏதோ பாடினார்.

மதியம் ராஷ்பிஹாரி அவென்யூவில் கொஞ்ச தூரம் நடந்தால் லேக் மார்க்கெட். கல்கத்தாத் தமிழர்களின் பழைய பேட்டை. வாசலில் வாழை இலை, மல்லிகைச் சரம், மஞ்சள் கொத்து. கரும்பும் இருந்தது! ஒரு கழி 60 ரூபாய் என்றார். இரண்டு துண்டு மட்டும் வெட்டித் தரக் கேட்டோம். "பொங்கலுமா அதுவுமா காசெல்லாம் வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டார். அப்பா காலத்தில் கும்பகோணத்திலிருந்து வந்தவர்களாம். ஃபில்டர் காபி 40 ரூபாய். ஊரில் குடிப்பதைவிட நன்றாக இருந்தது என்று சொன்னால் வீட்டில் சண்டை வரும்.

இரவு வழக்கம்போல இரண்டு ஃபோன்கள். "தம்பி எப்படி இருக்கான்?" "நல்லா இருக்கான்." "பக்கத்துல இருக்கானா?" "இருக்கான்." "சரி."

ஜனவரி 15, புதன்

17ஆம் எண் கட்டிலில் புதிதாக ஒருவர். சியால்தா ரயில் நிலையத்திலிருந்து முந்தின நாள் காலையில் கொண்டுவந்திருக்கிறார்கள். கணுக்காலுக்கு மேல் உள்ளங்கை அளவு புண், புழு வைத்தது. சுத்தம் பண்ணிக் கட்டுப் போட்டிருந்தார்கள். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும்.

நான் அந்தப் பக்கம் போனபோது அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. "ஷீத் கோர்ச்சே, ஷீத் கோர்ச்சே" என்றார். குளிருகிறது என்பது சைகையிலேயே புரிந்தது. எனக்குத் தெரிந்த ஒரே மருத்துவம் கொம்போல். மாடிக்கு ஓடி, காய்ந்ததில் தடித்ததாக ஒன்றை எடுத்து வந்து போர்த்தினேன். அவர் தலையில் கைவைத்து, கண்ணை மூடி, மெதுவாக ஜெபம் பண்ண ஆரம்பித்தேன். கொஞ்சம் நீளமாகவே போய்விட்டது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், மச்சினன் மறுபக்கம் மண்டியிட்டு அவருக்கு மூத்திரச் சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இது குளிர் இல்ல, அத்தான்" என்றான்.

அவர் கைகளை நீட்டச் சொல்லி விரல்களைப் பார்த்தான். விரித்த விரல்கள் தந்தி அடித்தன. நெற்றி நிறைய வியர்வை, அந்தக் குளிரில். கண்கள் சுவர் ஓரத்தில் எதையோ துரத்தின. "குடி நின்னு ஒரு நாளுக்கு மேல ஆகுது இவருக்கு. சிஸ்டரக் கூப்பிடுங்க."

சிஸ்டருக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்திருக்கிறது. நர்ஸ் படித்தவர். வந்து பார்த்ததும் மருத்துவருக்கு ஃபோன் போட்டார். நடுக்கத்தை அடக்க மாத்திரை, அதோடு வைட்டமின் பி1 ஊசி. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கீழே ஒரு மெத்தை விரித்தார்கள்.

எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது என்பதுதான் வெட்கம். வீட்டில் இதே நோய் பல வருடம் இருந்திருக்கிறது. மச்சினன் டீ இடைவேளையில் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே விளக்கினான். வருடக்கணக்கில் தினமும் குடிக்கிற உடம்புக்குத் திடீரென்று நின்றால், சில மணி நேரத்திலேயே நடுக்கம் ஆரம்பிக்குமாம். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில். அதையும் தாண்டி இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி கலங்கி, இல்லாத பூச்சியெல்லாம் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அதனால்தான் பெருங்குடிகாரர்களை, இன்றிலிருந்து நிறுத்து என்று சத்தியம் வாங்கி அறையில் பூட்டி வைக்கக் கூடாது, மருத்துவரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும் என்றான்.

நாங்கள் அவனை அறையில் பூட்டி வைத்திருக்கிறோம். 2013இல். சாவி என்னிடம்தான் இருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. டீயைக் குடித்தோம்.

திரும்பும்போது மெட்ரோவில் வந்தோம், பார்க் ஸ்ட்ரீட் வரை 10 ரூபாய். இந்த இல்லத்தைப் பற்றி எழுந்த விமர்சனங்கள் என்ன என்று மச்சினன் கேட்டான். கேள்விப்பட்டதைச் சொன்னேன். 1994இல் லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் இங்கே வந்து பார்த்துவிட்டு, கடும் வலிக்கு ஏற்ற மருந்துகள் இல்லை, நோயைக் கண்டறிகிற முறை போதாது என்று எழுதினார். அதே கட்டுரையில் புண்களைப் பராமரிக்கிற விதத்தையும் அன்பையும் பாராட்டியிருந்தார். மச்சினன் கேட்டுவிட்டு, "ரெண்டும் சரியாத்தான் இருக்கும்" என்றான். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அன்பு மட்டும் போதும் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இனி அந்த நீண்ட ஜெபம்தான் ஞாபகம் வரும்.

எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் எழுந்து, "காக்கு, பொஷுன்" என்று எனக்கு இடம் கொடுத்தாள். சித்தப்பா, உட்காருங்கள் என்று அர்த்தமாம். இடுப்பை நினைத்து, மறுக்கவில்லை.

ஜனவரி 16, வியாழன்

வியாழக்கிழமை தொண்டர்களுக்கு விடுமுறை. பழைய பாலத்தை அன்றைக்குத்தான் பார்த்தோம், பாபுகாட்டில் படித்துறையில் உட்கார்ந்து, தூரத்திலிருந்து. கங்காசாகரில் சங்கராந்தி முழுக்கு முடித்துத் திரும்புகிற கூட்டம் அங்கே மொய்த்தது. 'எல்லாத் தீர்த்தமும் பலமுறை, கங்காசாகர் ஒருமுறை' என்று இந்தியில் ஒரு வழக்கு உண்டு. சாம்பல் பூசிய சாமியார் ஒருவர் என் குல்லாவைக் காட்டி விலை கேட்டார். 150 என்றேன். ஏமாந்துவிட்டாய் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

மதியம் கடுகு அரைத்த மீன் குழம்பும் சோறும், 140 ரூபாய். முள்ளை எடுத்து முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது. பிறகு நோலன் குட் சந்தேஷ், பனிக்காலத்தில் இறக்குகிற ஈச்ச வெல்லத்தில் செய்தது, ஒன்று 25. இதற்காக மட்டுமே மறுபடியும் ஜனவரியில் வரலாம்.

மாலையில் மச்சினனுக்கு ஏஏ கூட்டம். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அதைத்தான் தேடுவான். ஒரு தேவாலயத்தின் பின்கட்டில், ஞாயிறு பள்ளி நடக்கிற அறை. சுவரில் நோவாவின் பேழை வரைந்திருந்தது. பேழைக்குக் கீழே இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள். திறந்த கூட்டம் என்பதால் என்னையும் உள்ளே விட்டார்கள். யாரும் முழுப் பெயர் சொல்லவில்லை. வக்கீல் மாதிரி இருந்தவரும் ரிக்ஷாக்காரர் மாதிரி இருந்தவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டில் பிஸ்கட் எடுத்தார்கள். பேச்சு வங்காளி, இந்தி, ஆங்கிலம் மாறி மாறி. மச்சினன் முறை வந்ததும் இந்தியில் தொடங்கி, நடுவில் தடுமாறி, தமிழுக்கு மாறிவிட்டான். "நான் ஒரு குடிநோயாளி" என்பது வரை எனக்குத் தெரிந்த கதை. அப்புறம் சொன்னதில் பாதி தெரியாது. ஒரு பூட்டிய அறை அதில் வந்தது. யார் பூட்டியது என்று சொல்லவில்லை. ஒருவருக்கும் தமிழ் தெரியாது, எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டார்கள்.

இந்த இயக்கம் 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், இரண்டு குடிகாரர்கள் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. அவர்கள் இருவரும் ஆக்ஸ்ஃபர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் பழகியவர்கள். பாவ அறிக்கை, மன்னிப்புக் கேட்பது எல்லாம் அங்கிருந்து வந்த பழக்கம்தான். இருந்தாலும் ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை, 'நாம் அறிந்த வகையில் கடவுள்' என்று விட்டுவிடுகிறார்கள். அந்த அறையில் நெற்றியில் குங்குமம் வைத்தவரும் இருந்தார், தொழுகைத் தொப்பி போட்டவரும் இருந்தார்.

கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வந்தது. எல்லோரும் 10, 20 போட்டார்கள். நான் தாராள மனதோடு 500 ரூபாய்த் தாளை எடுத்தேன். பக்கத்தில் இருந்தவர் என் கையை மெல்லத் தள்ளினார். "நீங்கள் உறுப்பினர் இல்லையே அண்ணா. வெளி ஆட்களிடம் நாங்கள் வாங்குவதில்லை." சர்ச்சுக்கு அறை வாடகை கூட அவர்கள் தங்கள் காசில்தான் கொடுக்கிறார்கள். காணிக்கைப் பையில் என் காசைத் திருப்பிக் கொடுத்தது வாழ்க்கையில் முதல் தடவை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

வெளியே வரும்போது மச்சினன் ஒரு வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே நடந்தான். "ஷுது ஆஜ்கேர் ஜொன்னோ." இன்றைக்கு மட்டும், என்று அர்த்தம். வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன் என்று யாரும் சொல்லத் தேவையில்லை, இன்றைக்கு ஒரு நாள் போதும். 17ஆம் கட்டில்காரருக்குச் சொல்வதற்காக ஒரு வங்காளியிடம் நாலு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு வைத்திருந்தான்.

ஜனவரி 17, வெள்ளி

17ஆம் கட்டிலில் வேறு ஒரு கிழவர் படுத்திருந்தார்.

"நேற்று சாயங்காலம் கிளம்பிவிட்டார்" என்றார் சிஸ்டர். நடுக்கம் குறைந்திருக்கிறது, எழுந்து நடந்திருக்கிறார். புண்ணுக்கு மறுபடியும் கட்டுப் போட்டுவிட்டு, இருங்கள் என்று எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். இது சிறை இல்லை, பிடித்து வைக்க முடியாது. ஒரு சட்டையும் கம்பளியும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "திரும்பி வருவார். சில பேர் நாலு தடவை வந்திருக்கிறார்கள்."

மச்சினன் ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தில் சோப்பு நுரையைக் கலக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனான். புதுக் கிழவருக்கு மழித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்றோ என்னவோ, அவரிடமும் "ஷுது ஆஜ்கேர் ஜொன்னோ" என்றான். கிழவர் பொக்கை வாயோடு சிரித்தார். நான் தொட்டிக்குப் போனேன். கொரியப் பையன் இப்போது என் வேகத்துக்கு முறுக்கப் பழகியிருந்தான். 27 கம்பளி.

மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். மாலையில் பெட்டி கட்டும்போது, "கொஞ்சம் நடந்துட்டு வாரேன் அத்தான்" என்று வெளியே போனான். ஏழு மணி இருக்கும். எட்டாயிற்று. எட்டரைக்கு ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. ஒன்பது மணி ஆனது. அண்ணாச்சிக்குப் பேச வேண்டிய நேரம். மாடிப்படியில் யாரும் இல்லை. ஒன்பதே காலுக்கு என் மனைவி கூப்பிட்டாள். "தம்பி எப்படி இருக்கான்?" "குளிக்கப் போயிருக்கான்" என்றேன். இந்தக் குளிரில் ராத்திரி ஒன்பதே காலுக்கா என்று அவளும் கேட்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

தெருவில் இறங்கி இரண்டு பக்கமும் நடந்து பார்த்தேன். எங்கள் விடுதியிலிருந்து நாலாவது கடை மதுக்கடை. முதல் நாளே கண்ணில் பட்டது, அவனிடம் சொல்லாமல் இருந்தேன், அவனுக்குத் தெரியாது என்பதுபோல. கம்பி வலைக்கு முன்னால் நின்ற ஒவ்வொரு முதுகையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

பத்தரைக்குக் கதவு தட்டினான். திறந்ததும் நான் ஒரு அடி முன்னால் போனேன். யோசித்துப் போகவில்லை, கால் தானாகப் போனது. மூக்கும். அவன் மேல் புளித்தண்ணீர் வாசமும் கடுகெண்ணெய் வாசமும் அடித்தன. எங்கேயோ புச்கா, அதாவது பானிபூரி, தின்றிருக்கிறான்.

"மோந்து பாத்தாச்சா, அத்தான்?" என்றான்.

எனக்கு வாய் வரவில்லை. அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். "சியால்தா வரைக்கும் போனேன். பிளாட்ஃபாரம் பூரா பாத்தாச்சு, வெளிய பஸ் நிக்கிற இடம், பாலத்துக்கு அடியில எல்லாம். ஆளக் காணோம். ஃபோன் சார்ஜ் தீந்துட்டு."

சார்ஜரைச் செருகி, சுவரோரம் தரையில் உட்கார்ந்தான். திரை வெளிச்சம் வர இரண்டு நிமிடம் ஆனது. மணி பத்தே முக்கால்.

"அண்ணாச்சி, தூங்கிட்டீங்களா?" என்றான்.